துப்பாவை ஏற்றிப்போக வந்த வண்டி

என் கையில் மைக்கைத் துணிந்து கொடுத்துவிட்டு, கொடுத்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் அண்ணன் முரளிதரன் அவர்களே! இந்தப் பொங்கல் விழாவுக்குப் பந்தலும் பாயசமும் தந்த பெரியோர்களே! ஹனூரிலும் கொள்ளேகாலிலும் பஸ் ஏறி, மைசூரில் இறங்கி, கல் சுமந்து, கலவை சுமந்து, ஆலையில் இரவு ஷிப்டு பார்த்து, இந்த ஊரை உயர்த்திய உழைப்பாளித் தந்தையரே! அடுப்பில் ஒரு கண்ணும் பிள்ளைகள் படிப்பில் ஒரு கண்ணுமாக ஆண்டு முழுவதும் விழித்திருக்கும் அன்னையரே! தமிழில் திட்டினால் கன்னடத்தில் பதில் சொல்லும் எங்கள் தங்கக் குஞ்சுகளே! நம் அழைப்பை மதித்து மேடையேறி அமர்ந்திருக்கும் விலங்கியல் பேராசிரியர் உமாதேவி மேடம் அவர்களே, நிமகெ நன்ன நமஸ்காரா! அனைவருக்கும், மண்டி மொஹல்லா சந்தில் தையல் மெஷின் மிதிக்கும் இந்த நாச்சம்மாளின் வணக்கம் உரித்தாகட்டும்!

கை தட்டுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இன்னும் நான் எதுவும் பேசவில்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் நம் சங்கத்தில் என்ன செய்கிறோம்? முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்புகிறோம். இந்த ஆண்டு யாருக்குப் பொன்னாடை? முந்தி வந்தவருக்கா? இல்லை. பதக்கம் பெற்றவருக்கா? இல்லை. வகுப்பில் கூடப் படித்தவர்கள் எல்லாம் படிப்பை முடித்துக்கொண்டு போக, தன் ஆய்வைத் தொடக்கத்திலிருந்து திரும்பச் செய்யப்போகிறாளே ஒரு பெண், அந்தத் தாரணிக்கு!

கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் என்னைக் கேட்டார்: “ஏன் நாச்சக்கா, பாஸான புள்ளைங்கள உட்டுப்போட்டு, திரும்பப் படிக்கறவளுக்கா சால்வ?” யார் கேட்டார் என்று சொல்லமாட்டேன். அவர் இரண்டாவது வரிசையில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்திருக்கிறார். இருங்கள் ஐயா, நிமிர்ந்து உட்காருங்கள். உங்களுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உங்களுக்கு மட்டும் அல்ல. அதோ, கடைசி வரிசையில், தூணை ஒட்டி, மகளுக்கு மரியாதை செய்கிற நாளில்கூட முன்னால் வர மறுத்து உட்கார்ந்திருக்கிறாளே ஒரு தாய், தாரணியைப் பெற்ற சொர்ணலதா, அவளுக்கும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். மகளின் படிப்பைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். தீபாவளியிலிருந்து அந்த வீட்டில் ஒரு குறிப்பிட்ட சட்டி அடுப்பேறவில்லை. அவளுடைய அந்த எண்ணத்தை இந்த மேடையிலேயே உடைக்காமல் நான் கீழே இறங்குவதாக இல்லை.

கதைக்கு வருகிறேன். தாரணி விலங்கியலில் மேற்படிப்புப் படிக்கிறாள். கடைசி ஆண்டில் ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். அடைத்து வைத்திருக்கும் விலங்குகள் எப்படி நடந்துகொள்கின்றன, நலமாக இருக்கின்றனவா, மனம் நோகிறதா என்று பார்க்கிற ஆய்வு. ஊருக்கு வெளியே ஒரு சின்ன விலங்குப் பூங்கா. பெயரைச் சொல்லாதே அத்தை என்று கேட்டுக்கொண்டாள், சொல்லவில்லை. அங்கே ஒரு குளம், குளத்தைச் சுற்றிக் கம்பிவேலி, வேலிக்குள் இரண்டு நீர்நாய்கள். காவிரிக் கரையில் வலையில் சிக்கிக் கிடந்தவை. காலில் பழைய காயம், ஆற்றில் திரும்ப விட முடியாது என்பதால் இங்கேயே வளர்க்கிறார்கள். பெண்ணின் பெயர் பெல்லா. ஆணின் பெயர் துப்பா. கன்னடத்தில் பெல்லா என்றால் வெல்லம், துப்பா என்றால் நெய். பேர் வைத்தவர், அவற்றுக்கு மீன் போடும் மல்லப்பன். பசி வேளையில் பேர் வைத்திருப்பார் போலிருக்கிறது!

ஆய்வு என்றால் என்ன வேலை? சொன்னால் சிரிப்பீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பது! வேலியோரம் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் அசையாமல் உட்கார வேண்டும். போனைத் தொடக்கூடாது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் அந்த உயிர் என்ன செய்கிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீந்துகிறதா, தின்கிறதா, ஓடுகிறதா, ஓய்வெடுக்கிறதா? வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை, வெயிலானால் குடை, மழையானால் அதே குடை. நம் தெருவில் ஒரு பெண்பிள்ளை போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் அதற்கே ஒரு பொன்னாடை போர்த்தலாமா, கூடாதா? பின்வரிசைப் பையன்கள் பதில் சொல்லுங்கள்! ... சத்தத்தையே காணோம்.

ஆனியில் ஆரம்பித்தாள். ஆடி போயிற்று, ஆவணி வந்தது. அவள் கண்ட காட்சி என்ன? கிழவன் துப்பா நிழலில் கிடப்பான். மூக்கும் மந்தம், காலும் மந்தம். ஆனால் பெல்லா? ஓடும். வேலியை ஒட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு, அதே தடத்தில், அதே வேகத்தில், மண் தேய்ந்து பள்ளமாகும் அளவுக்கு ஓடும். அடைபட்ட விலங்கு இப்படி ஒரே தடத்தில் ஓடினால் அதற்கு உள்ளே ஏதோ நோகிறது என்று படிப்பு சொல்கிறது. தாரணிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் சாப்பிடும்போதுகூட, “அம்மா, பெல்லா இன்னிக்கும் ஓடுச்சும்மா” என்பாள். அவள் அம்மா, “அய்யோ பாவம், அதுக்கு என்ன கஷ்டமோ” என்பாள். பார்த்தே இராத ஒரு நீர்நாய்க்காக அந்த வீட்டில் கவலைப்பட்டார்கள், ஐயா!

தாரணிக்கு வழிகாட்டும் நம் பேராசிரியர் மேடம் யோசித்தார். பூங்காக்காரர்கள் யோசித்தார்கள். ஒருவேளை துப்பாவின் பக்கத்தில் இருப்பதுதான் பெல்லாவுக்குப் பிடிக்கவில்லையோ? பிரித்து வைத்துப் பார்ப்போமே என்று, துப்பாவைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். நடுவில் ஓர் இரும்புக் கதவு. ஆவணி முடிகிற வாரம் அது.

என்ன ஆயிற்று தெரியுமா? பெல்லாவின் ஓட்டம் நின்றது! மறுவாரமும் ஓடவில்லை. அதற்கு மறுவாரமும் ஓடவில்லை. ஊரெல்லாம் தசரா விளக்கு எரிய, தாரணி முகத்திலும் விளக்கு எரிந்தது. மேற்கொண்டு சந்தேகம் என்ன? துப்பாதான் காரணம். பிரித்ததும் குணமாகிவிட்டது. வேறொரு பூங்காவில் நீர்நாய் ஒன்று கேட்டிருந்தார்கள். துப்பாவை அங்கே அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. வண்டி வரும் நாளும் குறித்தார்கள். தாரணியின் ஆய்வைப் பெங்களூரில் ஓர் ஆய்வரங்கில் படிக்கச் சொல்லி அழைப்பு வந்தது. அப்பா சேகரன் ஆலை முழுக்க இனிப்புக் கொடுத்தார். என் கடைக்கும் மைசூர்பாகு வந்தது. நானும் வாங்கித் தின்றேன்.

அந்த மாதத்தில் பெல்லா என்ன செய்தது? படுத்திருந்தது. அந்த இரும்புக் கதவைப் பார்த்து, கதவடியில் மூக்கை வைத்து, படுத்தே இருந்தது. தாரணி நிமிர்ந்து பார்த்தாள். “ஓய்வு” என்று எழுதினாள். மறுபடி நிமிர்ந்து பார்த்தாள்; மறுபடி “ஓய்வு” என்று எழுதினாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். படுத்திருக்கும் உயிரைப் பார்த்து, ஓய்வா, ஏக்கமா என்று எட்ட நின்று யாரால் சொல்ல முடியும்? நம் வீட்டில் படுத்திருப்பவர்களையே நாம் கேட்பதில்லை.

ஐப்பசி பிறந்தது. ஆய்வரங்குக்குப் படம் எடுக்க வேண்டும் என்று தாரணி பூங்காவுக்குப் போனாள். பெஞ்சில் பையை வைத்தாள். கதவடியில் கிடந்த பெல்லா தலையைத் தூக்கியது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது. மூக்கு துடிதுடித்தது. அடுத்த நிமிடம்? ஓடியது! அதே தடத்தில், அதே வேகத்தில், அந்த முனைக்கும் இந்த முனைக்குமாக ஓடியது. துப்பா இல்லை, ஆனால் ஓட்டம் இருக்கிறது! தாரணிக்குத் தலை சுற்றியது. பசி மயக்கமோ என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். திறந்ததும் பெல்லா வேலியில் முன்னங்காலை வைத்து நின்று, விசிலடிப்பதுபோலக் கீச்சென்று கத்தியது. தாரணி டப்பாவைப் பார்த்தாள், பெல்லாவைப் பார்த்தாள்.

டப்பாவில் என்ன? பெண்கள் பக்கம் இப்போதே சிரிப்பு கேட்கிறது. கண்டுபிடித்துவிட்டார்கள்! ஆம் தாய்மார்களே, கருவாட்டுத் தொக்கு!

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். அந்தப் பேச்சை அவளே எனக்குச் சொன்னாள், மாற்றாமல் சொல்கிறேன்.

“அம்மா, இன்னிக்கு என்ன கட்டியிருக்கற?”

“ஏங்கண்ணு, உப்பு ஜாஸ்தியா?”

“அதில்லம்மா. போன மாசம் பூரா என்ன கட்டுன?”

“இதென்ன கேள்வி? புரட்டாசியில என்னத்தக் கட்டுவாங்க? பீன்ஸ் பொரியலு, தயிர் சோறு. ஒரு மாசம் நாக்கு செத்துப்போயிருக்குமேன்னுதான் இன்னிக்கு வெடியால எந்திரிச்சுத் தொக்கு பண்ணுனேன்.”

“அதுக்கு முந்தி? ஆனி, ஆடி, ஆவணி?”

“உனக்குப் புடிக்கும்னு தெனமும் கருவாடுதானே கண்ணு. ஏன், என்னாச்சு?”

என்ன ஆயிற்று என்றா கேட்டாய் சொர்ணலதா? எல்லாம் வெளிச்சமாயிற்று! துப்பாவைப் பிரித்ததும் புரட்டாசி பிறந்ததும் ஒரே வாரம். பெல்லாவின் ஓட்டத்தை நிறுத்தியது துப்பாவின் பிரிவு அல்ல. நம் பெருமாளுக்காக நாம் இருக்கும் புரட்டாசி விரதம்! டப்பா மூடியிருந்தால் என்ன, கருவாட்டை எந்த மூடி அடக்கும்? பையில் வாசம், குடையில் வாசம், துப்பட்டாவில் வாசம். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது மூக்கில் ஏறவில்லை. மல்லப்பனுக்கும் தெரியவில்லை, அவர் மேலேயே எந்நேரமும் மீன் வாசம். பேராசிரியருக்கோ புரட்டாசி என்ற மாதமே தெரியாது. பெல்லாவுக்குத் தெரிந்தது. எனக்கும் ஒரு வாய் கொடு என்று மூன்று மாதம் ஓடி ஓடிக் கேட்டிருக்கிறது. நாம் அதை நோவு என்று எழுதினோம். அது நொந்து படுத்தபோது, ஓய்வு என்று எழுதினோம்.

அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை தாரணி. மறுநாள் வெறும் கையோடு, அலசிய பையோடு போனாள். பெல்லா கதவடியில் கிடந்தது. அதற்கும் மறுநாள் தொக்கோடு போனாள். ஓடியது. இனி மறுப்பதற்கு எதுவும் இல்லை.

துப்பாவை ஏற்றிப்போக விடிந்தால் வண்டி. வீட்டில் அன்று மாலை நடந்ததைச் சேகரன் அண்ணன் அனுமதியோடு சொல்கிறேன். தலையாட்டுகிறார், சரி. அவர் என்ன சொன்னார்? “எழுதிக் குடுத்தாச்சு, மேடமும் நல்லாருக்குதுன்னு சொல்லியாச்சு. இப்பப் போயி தப்புன்னு சொன்னா ஒரு வருசம் போயிரும் சாமி. ஒரு நீர்நாயிக்காகவா?” தப்பாகச் சொன்னாரா? இல்லை. ஆலையில் நின்று நின்று கால் வீங்கிய தகப்பன் வேறெப்படிப் பேசுவார்? மகளின் ஒரு வருடம் அவருக்கு எவ்வளவு பெரிது என்று இங்கே யாருக்குத் தெரியாது?

தாரணி அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: “அப்பா, அதுக்குப் பேசத் தெரியாது. அது சார்பா நான்தான் எழுதுனேன். நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்றதுக்கும் என்னைய விட்டா அதுக்கு வேற ஆளில்லப்பா.”

சேகரன் அண்ணன் என்ன செய்தார்? காலையில் அவரே ஸ்கூட்டரை எடுத்தார். மகளைப் பின்னால் உட்கார வைத்து, உமாதேவி மேடம் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினார். கை தட்டுங்கள்! இப்போது தட்டலாம்! அந்தத் தகப்பனுக்குத் தட்டுங்கள்!

மேடம் கோலம் போட்டுக்கொண்டிருந்தாராம். தாரணி எல்லாவற்றையும் கொட்டினாள். மேடம் எழுந்து, “புரட்டாசி அந்தரே ஏனு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். புரட்டாசி என்றால் என்ன? தாரணி சொன்னாள். கோலமாவுக் கையோடு மேடம் உள்ளே போய்ப் பூங்காவுக்குப் போன் செய்தார். “தாரணி, நீ என்ன சாப்பாடு எடுத்து வர்தியான்னு நான் கேக்கவே இல்ல. அது என் தப்பும்தானே?” என்றார். மேடம், நீங்கள் அப்படிச் சொன்னதற்காகத்தான் இந்தத் தெருப் பெண்கள் உங்களுக்கு மாலை கட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் தமிழில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பூங்கா வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. கூண்டும் இறக்கியாயிற்று. துப்பாவைக் கூண்டுக்குள் விடுவதற்கு மல்லப்பன் கையில் மீனோடு நின்றிருந்தார். அப்போது போன் வந்தது. வண்டி வெறுங்கூண்டோடு திரும்பிப் போனது.

பகலில் அந்த இரும்புக் கதவைத் திறந்தார்கள். தாரணி பெஞ்சில் இருந்தாள். துப்பா காலை இழுத்து இழுத்து வெளியே வந்தான். கதவடியில் கிடந்த பெல்லா எழுந்தது. ஓடவில்லை. கிட்டே போனது. முகத்தை மோந்தது, கழுத்தை மோந்தது, காயம்பட்ட காலை மோந்தது. பிறகு என்னென்னவோ கீச்சுக்குரலில் பேசியது. ஒரு மாதப் பேச்சு! கிழவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் இரண்டும் வெயிலில் படுத்தன. பெல்லா தன் தாடையைத் துப்பாவின் முதுகில் வைத்துத் தூங்கியது. மல்லப்பன் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தாராம். “மீன் எண்ணெய் கண்ணுக்கு ஹோய்த்து” என்றாராம். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டதாம்!

இப்போது சொல்லுங்கள், இரண்டாவது வரிசை ஐயா! அந்த ஆய்வரங்கில் தாரணியின் இடம் வேறொரு மாணவருக்குப் போய்விட்டது. அவள் மறுபடி அதே பெஞ்சில் உட்காரப்போகிறாள். ஆய்வு போயிற்று, அரங்கு போயிற்று, ஆண்டு போயிற்று. துப்பா போகவில்லையே! பெல்லா தனித்துப்போகவில்லையே! தான் எழுதியது தப்பு என்று தானே போய்ச் சொல்ல, படித்த பெரியவர்களில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்? தன் பெயர் கெட்டாலும் பேசத் தெரியாத இரண்டு உயிர்கள் பிரியக்கூடாது என்று நினைத்தாளே, அந்த மனசுக்குப் போர்த்தாமல் இந்தச் சால்வையை வேறு எதற்குப் போர்த்துவது?

கடைசி வரிசைக்கு வருகிறேன்.

சொர்ணலதா! தலையை நிமிர்த்து. அழுதால் அழு, ஆனால் நிமிர்ந்து அழு. “என் கையாலயே புள்ள படிப்பக் கெடுத்துட்டன் அக்கா” என்று என் கடையில் வந்து உட்கார்ந்து அழுதாயே, அன்று டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இன்று பதில் சொல்கிறேன். நீ என்ன தப்புச் செய்தாய்? வெயிலில் உட்காரும் பிள்ளை வயிறு வாடக்கூடாது என்று விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினாய். சாமிக்காக ஒரு மாதம் நிறுத்தினாய். மாதம் முடிந்த மறுநாளே மறுபடி மூட்டினாய். அந்தத் தொக்கை நீ அன்று கட்டிக் கொடுத்திருக்காவிட்டால்? ஒரு வாரம் சோம்பியிருந்தால்? துப்பா அந்த வண்டியில் போயிருப்பான், சொர்ணலதா! உண்மை எப்படித் தெரிந்தது? உன் டப்பாவைத் திறந்ததால் தெரிந்தது. உன் மகள் தன் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டாள். நீ செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு தூணுக்குப் பின்னால் உட்காராதே.

உன் மகள் இதை உன்னிடம் நேரில் சொல்ல வெட்கப்பட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆய்வு கிடையாது. பூங்காவில் மேடமே அனுமதி கேட்டு வைத்திருக்கிறார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாள். பட்டுப்புடவை கட்டாதே. பவுடர் போடாதே. மல்லிகைப்பூகூட வேண்டாம். காலையில் தொக்கு செய்து, கையைத் துடைத்த அதே புடவையோடு, அடுப்படியிலிருந்து அப்படியே கிளம்பி வா. தீனி எதுவும் போடக்கூடாது, சட்டம். வேலியோரம் போய் நின்றால் போதும். மூன்று மாதம் உன் வாசம் பிடித்து ஓடிய ஓர் உயிர் அங்கே இருக்கிறது. நீதான் அதைப் பார்த்ததில்லை. உன்னை அதற்கு நன்றாகத் தெரியும், தாயே!

தாரணி, மேடைக்கு வா. வரும் வழியில் அம்மா கையைப் பிடித்து அழைத்து வா. ... வழி விடுங்கள் தாய்மார்களே, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ... வருகிறார்கள்.

அண்ணன் முரளிதரன் அவர்களே, கடிகாரத்தைப் பார்த்தது போதும், சால்வையைப் பிரியுங்கள். ஒரு சால்வைதான் இருக்கிறது என்றால் இரண்டு தோளுக்கும் சேர்த்துப் போர்த்துங்கள். நான் பேசுகையில் குறுக்கே பேசாத உங்களுக்கும், குறுக்கே பேசிய குழந்தைகளுக்கும், தமிழ் பாதி புரியாமலே முழுவதும் கேட்ட மேடத்துக்கும் என் நன்றி. மைக்கை வைக்கிறேன். என் இரண்டு கையும் கூப்பிய வணக்கம்.